கல்வெட்டு தாகம் தீர்க்காது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நீளும் நம் கடலோர ஊர்களில் தண்ணீருக்குக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. பள்ளிவாசல் வாயிலிலும் மத்ரஸாச் சுவரிலும் தெருமுனையிலும் பளிங்குக்கல் பதித்த குடிநீர் நிலையங்கள் நிற்கின்றன. கல்லில் மர்ஹூம் ஒருவரின் பெயர், அவருக்காகக் கொடுத்த பிள்ளைகளின் பெயர், திறந்துவைத்தவரின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு எல்லாம் இருக்கும். கல்லுக்குக் கீழே உள்ள குழாயைத் திறந்தால் சில இடங்களில் காற்று வருகிறது. தண்ணீர் வரும் இடங்களிலோ, அதைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

தண்ணீர் கொடுப்பது ஸதகா ஜாரியா என்று ஒவ்வொரு ஜும்ஆ பயானிலும் கேட்கிறோம். ஜாரியா என்னும் சொல்லுக்கு ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். இரண்டாம் ஆண்டில் நின்றுபோன இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருப்பது எது? இயந்திரத்திற்குப் பணம் கொடுத்து, அதை நடத்துவதற்குப் பணமும் ஆளும் கணக்கும் ஏற்படுத்தாமல் விடுவது அரைகுறைத் தர்மம். அதற்கு முழுத் தர்மத்தின் பெயரைச் சூட்டி மனநிறைவு அடைய நமக்கு உரிமை இல்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்.

கடலோரத்து நிலத்தின் கணக்கு

கடலோர மணலில் பெய்யும் மழை உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது என்பதால் இவ்வாறு மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. அதன் மறுபக்கம் அச்சமூட்டுவது. மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஒரு வீட்டுக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு என்று போட்டு உறிஞ்சும் ஊரில், பாட்டனார் காலத்துக் கிணறு உப்பாவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உப்பான நீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் இட்டுச் சுத்திகரிக்கிறோம். நம் ஊர்களில் வைக்கும் சிறிய இயந்திரங்களில் உள்ளே செல்லும் நீரில் ஏறத்தாழப் பாதி, சிலவற்றில் அதற்கும் மேல், செறிந்த உப்புநீராக வெளியேறுகிறது. அது எங்கே போகிறது? தெருச் சாக்கடைக்கும், பக்கத்துக் காலி மனைக்கும் போகிறது. அதாவது, நிலத்திலிருந்து எடுத்த உப்பை இன்னும் செறிவாக்கி அதே நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். கழிவுநீருக்கு வழி வகுக்காத குடிநீர்த் திட்டம், இந்தத் தெருவுக்கு நன்மையும் அடுத்த தெருவின் கிணற்றுக்குத் தீங்கும் செய்கிறது. பிறருக்குத் தீங்கு செய்வதும் தீங்குக்குப் பதில் தீங்கு செய்வதும் கூடாது என்னும் ஃபிக்ஹின் அடிப்படை விதியை மத்ரஸாவில் முதல் சில ஆண்டுகளிலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அதை ஊர்ச் சாக்கடையில் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

தூய நீர் வேறு, குடிக்கத் தகுந்த நீர் வேறு

“கிணறு பெரியது, நீர் தெளிவாக இருக்கிறது, வாடையில்லை, ருசி மாறவில்லை, பின் என்ன சோதனை?” என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் இதற்கு மார்க்கச் சட்டத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இரு குல்லா அளவுக்குக் குறையாத நீர், நஜீஸ் விழுந்தாலும் நிறமோ சுவையோ வாடையோ மாறாத வரை அசுத்தமாவதில்லை. குல்லத்தைன் எனப்படும் அந்த அளவை இன்றைய அளவையில் சுமார் 200 லிட்டர் என்று கொள்வர். இச்சட்டம் சரியானது, உளூவுக்கும் குளிப்புக்கும் உரியது. அதைக் கொண்டு குடிநீரின் தரத்தைத் தீர்மானிப்பது சட்டத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வைப்பதாகும்.

கழிவுக்குழியிலிருந்து கிணற்றுக்குக் கசியும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை. வயிற்றுப்போக்கையும் டைஃபாய்டையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவரும் கிருமிகள் கண்ணாடி போன்ற நீரிலும் இருக்கும். நம் இமாம்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடான நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் படிக்கிறோம். அந்த நீர் தூயது, உளூவும் கூடும். ஆயினும் தோல் நோய் வரக்கூடும் என்ற அச்சத்தால் அதை வெறுத்தார்கள். அந்த மருத்துவக் கருத்து இன்று ஏற்கப்படுகிறதா என்பது வேறு விஷயம். தூய்மை என்பது ஒரு கேள்வி, உடல்நலம் என்பது இன்னொரு கேள்வி என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததே நமக்குப் பாடம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நீரெடுக்கும் இடங்களில் மலம் கழிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கக் கட்டளையிட்டார்கள். நீரின் தரத்தைப் பேணுவது நம் மார்க்கத்துக்குப் புதிய பாடமன்று.

உடல்நலம் பற்றிய கேள்விக்கு நாட்டில் எழுதிவைத்த விடை இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர அளவின்படி, குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதில் தளர்வு இல்லை. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

இயந்திரம் விற்பவர் கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரை நீரில் நனைத்து, “பாருங்கள், 60தான் காட்டுகிறது” என்று சொன்னவுடன் குழு உறுப்பினர்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி கரைந்த உப்பை மட்டுமே மதிப்பிடும். கிருமியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. ஆர்.ஓ. வழியே வந்த நீரில் கிருமிகளைத் தடுத்து நிற்கக் குளோரினும் இருப்பதில்லை. மூடி சரியில்லாத தொட்டியிலும் கழுவாத குடத்திலும் அது மறுபடியும் கெட்டுப்போகும். எனவே இயந்திரம் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது. மாதந்தோறும் வரும் சோதனை முடிவே சான்று.

உமர் (ரலி) அவர்களின் நிலம்

கைபரில் தமக்குக் கிடைத்த அருமையான நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை அப்படியே நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக்கப்படாது, வாரிசுக்குப் போகாது என்று நிபந்தனை எழுதப்பட்டது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இதில் நம் ஊர்க் குழுக்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மூலம் கரையக் கூடாது. வருமானமே செலவாக வேண்டும். இரண்டாவது, நிர்வகிப்பவருக்குக் கூலி உண்டு. “அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலைக்குச் சம்பளமா?” என்று கேட்டு, ஓய்வு கிடைக்கும்போது வந்து சுவிட்சைப் போடும் ஒரு தம்பியிடம் ஐந்நூறு குடும்பங்கள் குடிக்கும் நீரை ஒப்படைக்கிறோம். அவர் வெளிநாட்டுக்குப் போனதும் நிலையம் நின்றுபோகிறது. பின்பு அந்தத் தம்பியைக் குறை கூறுகிறோம். குறை அவருடையதன்று, கூலியில்லாமல் பொறுப்பைச் சுமத்திய ஏற்பாட்டினுடையது.

ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தால் மக்களுக்கு உரியதாக்கிய வரலாற்றைச் சொல்லாத பயான் இல்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா, ஹாஜிகளுக்காக மக்காவுக்கு நீர் கொண்டுவந்ததையும் சொல்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் அந்த நீர்வழி சீர்குலைந்தபோது, உஸ்மானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா தம் பொருளைக் கொடுத்துச் செப்பனிடச் செய்ததை மட்டும் நாம் சொல்வதில்லை. அது இன்றும் ஐன் ஸுபைதா, ஸுபைதாவின் ஊற்று, என்றே அழைக்கப்படுகிறது. பிறர் பெயர் பொறித்த நீர்நிலைக்குச் செலவு செய்ய முன்வந்த அந்த மனம் இன்று நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? புதிய நிலையம் திறக்கப் பத்துப் பேர் போட்டியிடும் ஊரில், பழைய நிலையத்தின் மெம்பரேனை மாற்ற ஒருவர் கிடைப்பதில்லை. மெம்பரேனில் பெயர் பொறிக்க இடமில்லையே!

செத்தும் கொடுத்தவர் என்று தமிழகம் முழுவதும் கொண்டாடும் சீதக்காதி வள்ளல் கீழக்கரை மண்ணுக்குரியவர். இறந்த பின்னும் கொடுக்க விரும்புகிறவர், தாம் இல்லாத காலத்திலும் கொடை தொடர ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நிலையம் அமைக்க 5 இலட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இரு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு நிலையம் வைப்பதற்குப் பதிலாக, ஒன்று சேர்ந்து ஒரே நிலையம் வைத்து, மீதித் தொகையைக் கடையோ இடமோ வாங்கப் பயன்படுத்தட்டும். ஷாஃபிஈ மத்ஹபில் செலவழிந்து போகும் பணத்தை அப்படியே வக்ஃப் செய்வதை ஏற்கமாட்டார்கள். நிலைத்து நின்று பலன் தரும் பொருளே வக்ஃபுக்கு உரியது. அந்தக் கடையின் வாடகை, இயக்குபவரின் சம்பளத்திற்கும் மின்கட்டணத்திற்கும் வடிகட்டிகளுக்கும் சோதனைக்கும் போகட்டும். மெம்பரேன் மூன்று ஆண்டு உழைக்கும் எனில் அதன் விலையை 36ஆகப் பிரித்து, மாதந்தோறும் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்கட்டும். மளிகைக் கடை நடத்துகிற எவரும் அறிந்த கணக்கு இது.

ஸகாத் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்ற கேள்வியும் எழுகிறது. ஸகாத் எட்டு வகையாரின் உரிமை; உரியவரின் கையில் சேர்க்கப்பட வேண்டியது. பொதுக் கட்டுமானங்களுக்கு அது செல்லாது என்பதே மத்ஹபுகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு. ஏழையின் பங்கை எடுத்து எல்லாரும் குடிக்கும் குழாயை அமைக்க வேண்டாம். இதற்கு ஸதகாவும் வக்ஃபும் இருக்கின்றன.

“இது அரசின் கடமை அல்லவா?”

ஆம், அரசின் கடமைதான். இராமநாதபுரம் மாவட்டத்துக்குத் திருச்சிக்கு அருகிலிருந்து காவிரி நீர் வருகிறது. காயல்பட்டினத்துக்குத் தாமிரபரணி நீர் வருகிறது. குடிநீர் வடிகால் வாரியமும் நகராட்சிகளும் நம் வரிப்பணத்தில் இயங்குபவை. அவற்றிடம் உரிமையுடன் கேட்க வேண்டும். ஆனால் கேட்பவர் முதலில் தம் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும்.

ஊர்க் குழாயில் நேரடியாக மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை? மோட்டார் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தால், அவ்வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. விட்டு விட்டு நீர் விடும் ஊர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மோட்டார் வைத்தவர் இரண்டு குற்றங்கள் செய்கிறார். தெருக்கோடியில் இருக்கும் விதவையின் பங்கை எடுத்துக்கொள்கிறார். எல்லார் வீட்டுக் குடத்திலும் சாக்கடையைக் கலக்கிறார். அபகரித்த நீரில் உளூச் செய்து தொழுதால் தொழுகை நிறைவேறலாம். பிறர் உரிமையைப் பறித்த பாவம் கழுத்தில் நிற்கும். இதைப் பள்ளிவாசல் மிம்பரில் பெயர் சொல்லாமலாவது சொல்ல வேண்டும். சொன்னால் செல்வந்தர் மனம் வருந்துவார் என்று அஞ்சுகிறோம். சொல்லாவிட்டால் அந்த விதவை அல்லாஹ்விடம் முறையிடுவாரே, அதற்கு அஞ்சவில்லையா?

கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நெருக்கமான நம் தெருக்களில் ஒரு வீட்டுக் குழி அடுத்த வீட்டுக் கிணற்றின் தோளில் சாய்ந்து நிற்கிறது. அடிப்பாகம் பூசாத குழிகளை அடைத்து முறையாகக் கட்டுவதற்கு உதவுவதும் தண்ணீர்த் தர்மமே. அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது, நன்மை குறையாது.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே கட்டாயமாக்கியது. இராமநாதபுரம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 5,000 சதுர அடிக் கூரையுள்ள ஒரு பள்ளிவாசல், சிந்தியது போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் லிட்டர் நீரை நிலத்துக்குள் அனுப்ப முடியும். ஹவுளில் உளூச் செய்து வழியும் நீரையும் வடிகட்டி உறிஞ்சுகுழிக்கு அனுப்பலாம். உப்பைப் பின்னுக்குத் தள்ளுவதற்குக் கடலோர நிலம் கேட்பது இதைத்தான்.

கணக்குக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது

குடிநீர் நிதிக்குக் கணக்குக் கேட்டால், “அல்லாஹ்வுக்குத் தெரியும்” என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அல்லாஹ்வுக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியதாக அமைந்திருப்பது ஏன் என்று சிந்திக்க வேண்டும். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், “இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு” என்று பிரித்துச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். இயந்திரம் விற்பவர் குழு உறுப்பினருக்குக் கொடுக்கும் ‘அன்பளிப்பு’ அந்தக் கண்டனத்துக்கு வெளியே நிற்கிறதா?

வளைகுடாவில் வெயிலில் உழைத்து, சம்பளத்தில் ஒரு பங்கை ஊர்த் தண்ணீருக்கென்று அனுப்பும் சகோதரருக்குத் திறப்பு விழாப் படத்தை அனுப்பினால் போதாது. இரண்டாம் ஆண்டின் சோதனை முடிவையும் வரவு செலவையும் அனுப்ப வேண்டும். அவரும் அதைக் கேட்க வேண்டும்.

நாம் கேட்பவை

ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் ஏற்க வேண்டியவை என்று நாம் கருதுவன இவை:

1. நடத்தும் செலவுக்கு நிலையான வருமானம் காட்டாத புதிய குடிநீர் நிலையத்துக்கு ஜமாஅத் அனுமதி அளிக்கக் கூடாது. கொடுக்க வருபவரைப் பழைய நிலையங்களைச் செப்பனிடும் பணிக்குத் திருப்ப வேண்டும்.

2. மாதம் ஒரு முறை கிருமிச் சோதனை நடக்க வேண்டும். நீரை ஊற்றி வைத்தால் கிருமி இருக்கையில் கறுப்பாக மாறும் சிறு குப்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மத்ரஸாவின் மூத்த மாணவர்களே அதைச் செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முழுச் சோதனை செய்ய வேண்டும்.

3. சோதனை முடிவும் வரவு செலவும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் அதையும் ஒட்ட வேண்டும். குழாயை மூடவும் வேண்டும்.

4. குழுவில் பெண்கள் இடம்பெற வேண்டும். எந்தக் குழாயில் எப்போது நீர் கலங்கி வருகிறது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி இழுப்பவர்களும் அவர்களே.

5. குழு உறுப்பினர்கள் தம் வீடுகளில் அந்த நிலையத்தின் நீரையே குடிக்க வேண்டும். தமக்குக் கேன் தண்ணீரும் ஏழைக்குச் சோதிக்காத குழாயும் என்றால், தமக்கு விரும்பியதைச் சகோதரனுக்கும் விரும்ப வேண்டும் என்ற ஈமானின் அளவுகோலில் நாம் தேறவில்லை என்று பொருள்.

6. குழாய் எல்லாருக்கும் பொது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதென்றால், பக்கத்து மீனவர் குப்பத்துக் குழந்தையைத் திருப்பி அனுப்பும் குழாய்க்கு என்ன கூலி கிடைக்கும்?

“இவ்வளவு நிபந்தனை போட்டால் கொடுப்பவர்கள் ஓடிவிடுவார்கள்” என்று சிலர் சொல்வர். ஓடுபவர்கள் சிலர் இருக்கலாம். ஆனால் கொடுத்தது ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆண்டுதோறும் எழுத்தில் காணும் சகோதரர் மறுபடியும் கொடுப்பார். தம் பிள்ளைகளையும் கொடுக்கச் சொல்வார். நின்றுபோன குழாய்களைப் பார்த்துப் பார்த்தே நம் மக்களின் கை சுருங்குகிறது.

தாய் தந்தையருக்காகத் தண்ணீர்த் தர்மம் செய்ய எண்ணியிருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! இவ்வாண்டு புதிய கல் வேண்டாம். உங்கள் தெருவில் ஏற்கெனவே நிற்கும் நிலையத்துக்குச் செல்லுங்கள். யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கடைசிச் சோதனை எப்போது என்று கேளுங்கள், இயக்குபவரின் சம்பளம் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள், அதைக் கொடுங்கள். உங்கள் பெற்றோரின் பெயர் கல்லில் இல்லாவிட்டாலும் எழுதப்பட வேண்டிய ஏட்டில் எழுதப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் ஊர்களின் நீரை இனிமையாக்குவாயாக. எங்கள் தர்மங்களை நிலைத்து ஓடுவனவாக ஆக்குவாயாக. பொறுப்பேற்றவர்களுக்கு அமானிதத்தைப் பேணும் மனத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.